ப்ராசஸருக்கு பேஸ்ட் பூசுவது எப்படி: ரங்கூன் வெயிலில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

வெயில் காலத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் எல்லாரும் முதலில் கைகாட்டுவது பேஸ்டைத்தான், அதாவது ப்ராசஸர் சில்லுக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே பூசும், வெப்பம் கடத்தும் களிம்பை. பல சமயம் குற்றவாளி அது அல்ல. ஹீட்சிங்க் (கூலரில் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் அடைந்த தூசியோ, ஒரு பக்கம் தளர்ந்த ஸ்க்ரூவோ, சுழலாத ஃபேனோ காரணமாக இருக்கும். ஆகவே பேஸ்ட் வாங்கக் கிளம்பும் முன் கேஸின் பக்க மூடியைத் திறந்து பாருங்கள். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி அடையாகப் படிந்திருந்தால் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஃபேன் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். சூடு இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. இறங்கவில்லை என்றாலோ, பழைய மெஷின் ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருக்கிறீர்கள் என்றாலோ, புதிதாக ஒன்றைக் கூட்டுகிறீர்கள் என்றாலோ மேலே படியுங்கள்.

பேஸ்ட் உண்மையில் என்ன செய்கிறது

ப்ராசஸரின் மேல் தகடும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு மழமழவென்று தெரியும். ஆனால் இரண்டிலும் நுண்ணிய பள்ளம் மேடுகள் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் மேடுகள் மட்டுமே ஒட்டும். பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசம். ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற கணக்கில் காற்றின் கடத்துதிறன் சுமார் 0.026. செம்புக்கு அது ஏறக்குறைய 400. நல்ல பேஸ்ட்டுகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் எண் 4 முதல் 13 வரை.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூசும் முறை தானாகவே புரியும். பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது. செம்போடு ஒப்பிட்டால் படுமோசம். எனவே காற்று இருக்கும் இடத்தில் மட்டும் அது இருக்க வேண்டும், உலோகமும் உலோகமும் தொடும் இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது. தனக்காவை (மரப்பட்டையை அரைத்த பர்மியப் பூச்சு) கன்னத்தில் பூசுகிறோமே, உள்ளே தோல் நிறம் தெரிகிற அளவுக்கு, அந்தக் கனம்தான் கடைசியில் மிஞ்ச வேண்டும். ஆனால் அந்தக் கனத்துக்குக் கொண்டுவருவது உங்கள் விரல் அல்ல, கூலரின் அழுத்தம். பேஸ்ட்டின் பிராண்டைவிடக் கூலர் நேராக, சமமாக, இறுக்கமாக உட்காருவது முக்கியம் என்று அனுபவப்பட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயத்தையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். இணையத்தில் வரும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. ஏப்ரலில் ரங்கூன் பகல் 36, 37 டிகிரியைத் தொடும். மாண்டலே 40ஐத் தாண்டும் நாளும் உண்டு. காற்றால் குளிர்விக்கும் எந்த ப்ராசஸர் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் ப்ராசஸர் சூட்டிலும் ஏறும். 22 டிகிரி அறையில் 68 காட்டும் மெஷின், கரண்ட் போய் ஏசி நின்ற 36 டிகிரி அறையில் 82 காட்டினால் அதில் கோளாறு எதுவும் இல்லை. எனவே சூட்டை எப்போது குறித்தாலும் அறையின் சூட்டையும் சேர்த்தே குறியுங்கள். வித்தியாசம்தான் கணக்கு.

எதை வாங்குவது

டப்பாவில் எழுதியிருக்கும் கடத்துதிறன் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் அளக்கிறது, ஒன்றின் 8.5ஐயும் இன்னொன்றின் 12.5ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. 65 வாட் ப்ராசஸரில் தரமான இரண்டு பேஸ்ட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் வரும்.

வீட்டு மெஷினுக்கும் கடை பில்லிங் மெஷினுக்கும் மின்சாரம் கடத்தாத வகையே சரி. ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நாக்டுவா என்டி-எச்1 போன்றவை இந்த வகை. ஓரத்தில் கொஞ்சம் வழிந்தாலும் ஷார்ட் ஆகாது என்பது புதியவர்களுக்குப் பெரிய நிம்மதி. 4 கிராம் சிரிஞ்ச் ஒன்று வாங்கினால் பத்து, பதினைந்து தடவை பூசலாம். எம்எக்ஸ்-4க்குப் போலிகள் உலாவுகின்றன. ஆர்க்டிக் தன் இணையதளத்தில் அசலா என்று சரிபார்க்கும் வசதி வைத்திருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பே போனில் பார்த்துவிடலாம்.

மலிவு கூலர்களோடு வரும் சின்னப் பொட்டலச் சாம்பல் பேஸ்ட் (பெரும்பாலும் எச்ஒய்510) பழைய இரட்டைக் கோர் மெஷினுக்குப் போதும். அதைச் சூடான லேப்டாப்பில் போடாதீர்கள். பெரிய சிரிஞ்சில் மலிவாகக் கிடைக்கும் ஜிடி900 அதைவிட ஒரு படி மேல். தினமும் நாலைந்து மெஷின் திறக்கும் கடைக்கு அது நியாயமான தேர்வு.

லிக்விட் மெட்டல் பக்கம் புதியவர்கள் போகவே கூடாது. அது காலியம் கலந்த கலவை. அலுமினியத்தைத் தொட்டால் அரித்து உதிர்த்துவிடும், மதர்போர்டில் ஒரு துளி சிந்தினால் ஷார்ட். ஐந்தாறு டிகிரிக்காக எடுக்க வேண்டிய ஆபத்து அல்ல.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ப்ராசஸர் சூடாகும்போது உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு விரிவு சுருக்கத்திலும் பேஸ்ட் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்குகிறது. கரண்ட் முறை வைத்து வரும் ஊரில் ஒரே நாளில் பல தடவை மெஷின் அணைந்து ஆறி மறுபடி சூடேறும். அத்தனை தடவை இந்தப் பிதுக்கலும் நடக்கும். தண்ணீராக ஓடும் பேஸ்ட் இதில் சீக்கிரம் தோற்கும். கொஞ்சம் கெட்டியானது தாக்குப்பிடிக்கும். ஆகவே பூசச் சுலபம் என்பதற்காக இளகியதைத் தேடாதீர்கள்.

வாங்கும்போது கடைக் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி மாதக்கணக்கில் கிடந்ததைத் தவிருங்கள். என்டி-எச்1ஐப் பூசுவதற்கு முன் மூன்று ஆண்டு வரை வைத்திருக்கலாம் என்கிறது நாக்டுவா, ஆனால் அது வழக்கமான அறைச் சூட்டுக்கான கணக்கு. சிரிஞ்சை அழுத்தி ஒரு துளியைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் தனியாகவும் மாவு தனியாகவும் வந்தால் அது பிரிந்துவிட்டது.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். ஹீட்சிங்க் ஒட்டும் பசையும் இதே போன்ற சிறு டியூபில், இதே வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் விற்கிறது. டப்பாவில் 'பிளாஸ்டர்' என்றோ 'அதீசிவ்' என்றோ இருந்தால் அது பசை. ப்ராசஸரில் பூசினால் இறுகிவிடும். அடுத்த தடவை கூலரைக் கழற்றும்போது ப்ராசஸரும் சேர்ந்து பெயர்ந்து வரும். அதோடு, பற்பசை, வாசலின் போன்றவை ஒரு நாள் வேலை செய்வதுபோலத் தெரியும், பிறகு காய்ந்தோ உருகியோ போகும். பேஸ்ட் கிடைக்கும் வரை மெஷினை அணைத்து வைப்பது மேல்.

கையில் இருக்க வேண்டியவை

2ஆம் நம்பர் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், மென்மையான பிரஷ், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி இரண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சிகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆல்கஹால் 99 சதவீதம் இருந்தால் நல்லது. மருந்துக் கடையில் 70 சதவீதம்தான் கிடைத்தால் அதுவும் ஓடும். மீதி தண்ணீர் என்பதால் காய அதிக நேரம் கொடுக்க வேண்டும், மழைக் காலத்தில் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். கை கழுவும் ஜெல்லில் கிளிசரின் இருக்கும், மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலம் விடும், நகப்பூச்சு கழுவும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூன்றும் வேண்டாம். டிஷ்யூ பேப்பர் நார் விடும், அதுவும் வேண்டாம்.

வேலையைக் காலை வெளிச்சத்தில் ஆரம்பியுங்கள். பாதி கழற்றிய நிலையில் விளக்கு போனால் ஸ்க்ரூவைத் தேடுவதற்குள் பொழுது போய்விடும். குளிர்பானத்தையும் டீக் கோப்பையையும் வேறு மேசையில் வையுங்கள்.

கழற்றுதல்

1. மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பேஸ்ட் இளகும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள மெஷின்களில் ப்ராசஸர் பிடுங்கிக்கொண்டு வருகிறது.

2. ஷட் டவுன் செய்து, யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து பவர் கேபிளை முழுவதும் உருவுங்கள். கரண்ட் இல்லையே என்று கேபிளை விட்டுவைக்காதீர்கள்; எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உருவிய பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும்.

3. கேஸைப் படுக்க வைத்து, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கும். மழைக் காலத்தின் ஈரக் காற்றில் இது பெரிய பயம் இல்லை. மாண்டலே பக்கத்து வறண்ட மாதங்களில் கட்டாயம் செய்யுங்கள்.

4. ஃபேன் கேபிளை மதர்போர்டிலிருந்து எடுங்கள். எங்கே சொருகியிருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஸ்க்ரூ உள்ள கூலர் என்றால் குறுக்குமூலை முறையில், ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாகத் தளர்த்துங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நாலு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். தலையில் உள்ள அம்புக்குறிப்படி இடப்பக்கம் கால் சுற்றுத் திருகி மேலே இழுங்கள்.

6. கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். இடம் வலமாக மெதுவாகத் திருகி, பிடி விட்டது தெரிந்த பிறகு தூக்குங்கள்.

ஆறாவது படிக்குக் காரணம் இது. ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்திருந்தால், லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் ஊசிகளோடு பிய்த்துக்கொண்டு வரும். ஊசிகள் வளையும். இன்டெல்லிலும் 2022இல் வந்த ஏஎம்5இலும் சட்டம் பிடித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றில் ஊசிகள் சாக்கெட்டுக்குள் இருக்கின்றன. ப்ராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, எடுக்காதீர்கள்.

துடைக்கும் முன் படித்துப் பாருங்கள்

பழைய பேஸ்ட் ஒரு சாட்சி. அதைத் துடைத்துவிட்டால் பிறகு எதுவும் தெரியாது. படம் எடுத்து வையுங்கள்.

நடுவில் உலோகம் வெறுமையாகத் தெரிந்து, ஓரத்தில் பேஸ்ட் குவிந்திருந்தால் பிதுங்கிவிட்டது என்று அர்த்தம். கெட்டியான வகைக்கு மாற வேண்டும். ஒரு பக்கம் தடியாகவும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. புது பேஸ்ட் போட்டாலும் அந்தச் சாய்வைச் சரிசெய்யாவிட்டால் பலன் இராது. தகட்டின் நடுவில் சின்ன வட்டம் மட்டும் ஒட்டியிருந்தால் அளவு போதவில்லை. சுண்ணாம்புபோல உதிர்ந்தால் வயதாகிவிட்டது. எல்லா இடமும் சமமாக, மெலிதாக, இன்னும் ஈரமாக இருந்தால் பேஸ்ட் நன்றாகவே இருந்தது; உங்கள் சூட்டுக்கு வேறு காரணம் தேடுங்கள்.

துடைக்க, முதலில் உலர்ந்த துணியால் பெரும்பகுதியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் சாக்கெட் இடுக்கில் போய்ச் சேரும். பிறகு ஆல்கஹாலில் நனைத்த துணி. ஆல்கஹாலைத் துணியில் ஊற்றுங்கள், ப்ராசஸரில் ஊற்றாதீர்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டுவது நிற்கும் வரை இரண்டு மூன்று தடவை துடையுங்கள். ஓர இடுக்குக்குப் பஞ்சுக் குச்சி. கூலரின் அடிப்பாகத்துக்கும் இதே வேலை. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் கீறல் விழும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் ஈரத் துணியை இரண்டு நிமிடம் மேலே போட்டு ஊற விடுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

எவ்வளவு, எங்கே

இங்கேதான் ஆளுக்கொரு கட்சி. கணக்கு எளிது: 30 மி.மீ. சதுரத்துக்கு ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்றால் 90 கன மி.மீ., அதாவது மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. சாதாரண ப்ராசஸருக்கு நடுவில் 4 முதல் 5 மி.மீ. அகலத்தில் ஒரு பொட்டு, துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக. பழைய இன்டெல் சதுர ப்ராசஸர்களுக்கும் ஏஎம்4க்கும் இது போதும். ஏஎம்4இன் தகடு கொஞ்சம் பெரியது என்பதால், மூலைகளை நோக்கி அரிசி அளவில் நாலு பொட்டு சேர்த்தாலும் தப்பில்லை.

இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான ப்ராசஸர் நீள்சதுரம், 37.5க்கு 45 மி.மீ. அதற்கு ஒற்றைப் பொட்டு இரு முனைகளையும் எட்டாமல் போகலாம். நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள், அல்லது மூலைக்கு மூலை மெல்லிய பெருக்கல் குறி. ஏஎம்5இல் தகட்டின் ஓரங்களில் வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் சிறு உறுப்புகள் வெளியே தெரியும். அங்கே நடுவில் ஒரே பொட்டு வைத்தால் வெட்டுகளுக்குள் வழிவது குறையும். வழிந்தாலும் மின்சாரம் கடத்தாத பேஸ்ட் என்றால் கெடுதல் இல்லை, துடைப்பதுதான் எரிச்சல்.

கூடிவிட்டால் என்ன, குறைந்தால் என்ன? கூடிவிட்டால் மிச்சம் ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான். கூலரின் அழுத்தம் வேண்டாததை வெளியே தள்ளிவிடும். குறைந்தால் தகட்டின் ஒரு பகுதியில் காற்றே நிற்கும், அதன் கீழே இருக்கும் கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) தனியாகக் கொதிக்கும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூட வைப்பதே புத்திசாலித்தனம். மிகுந்த கவனத்தோடு மெல்லியதாகப் பூசி, ஒரு மூலையை விட்டுவிடுகிறவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அட்டையால் தேய்த்துப் பரப்பும் முறையும் உண்டு. கெட்டியான பேஸ்ட்டுக்கு அது உதவும். ஆனால் விரலால் தேய்க்காதீர்கள். தோலின் எண்ணெய் கலக்கும், மேற்பரப்பு வரிவரியாகி நடுவே காற்று சிக்கும்.

புதுக் கூலரின் அடியில் ஏற்கெனவே சாம்பல் நிறப் பட்டைகள் பூசி வந்திருந்தால் அதன்மேல் இன்னொரு பேஸ்ட் வேண்டாம். ஒன்று அதையே பயன்படுத்துங்கள், அல்லது முழுவதும் துடைத்துவிட்டு உங்களுடையதைப் பூசுங்கள்.

கூலரை உட்கார வைத்தல்

அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா? 'உரிக்கவும்' என்று அதிலேயே எழுதியிருந்தும் மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். எல்லாம் சரியாகச் செய்தும் ப்ராசஸர் 100 டிகிரி தொட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கூலரை நேராக மேலிருந்து இறக்குங்கள். தொட்ட பிறகு தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். தூக்கினால் பேஸ்டுக்குள் காற்றுக் குமிழி புகும். மறுபடி துடைத்துப் பூச வேண்டும். ஸ்க்ரூக்களை ஒன்றின் குறுக்குமூலையில் அடுத்தது என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூக்கள் ஓரிடத்தில் தாமாக நின்றுவிடும். அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம்.

பிளாஸ்டிக் ஊசிக் கூலரில் குறுக்குமூலை இரண்டை ஒரே நேரத்தில் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தி, பிறகு மற்ற இரண்டு. மதர்போர்டின் பின்பக்கம் நாலு கறுப்பு முனைகளும் விரிந்து வெளியே தெரிய வேண்டும். மூன்று மட்டும் தெரிந்தால் கூலர் சாய்ந்திருக்கிறது. இந்த ஊசிகள் இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினால் தேயும், வெண்மையாகி வெடிக்கும். அப்படியானால் வேறு கூலர் வாங்குவதே வழி.

பழைய கூலரைப் புது மெஷினில் போடுபவர்கள் கவனிக்க: இன்டெல்லின் பழைய எல்ஜிஏ 1150, 1151, 1200 சாக்கெட்டுகளில் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; எல்ஜிஏ 1700இல் 78 மி.மீ. உயரமும் சற்றுக் குறைவு. வளைத்து மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாட்டலாம், ஆனால் அழுத்தம் போதாது. சரியான பிராக்கெட் (கூலரை மாட்டும் சட்டம்) தேவை.

கடைசியாக, ஃபேன் கேபிளை 'சிபியூ ஃபேன்' என்று அச்சிட்ட இடத்தில் சொருகுங்கள். மறந்தால் பல மதர்போர்டுகள் திரையில் ஃபேன் கோளாறு என்று சொல்லி நிற்கும். சொல்லாத போர்டுகள்தான் ஆபத்து.

சோதித்தல்

முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் இரண்டு நிமிடம் பாருங்கள். நம் வெயில் காலத்தில் அங்கே 45 முதல் 55 காட்டுவது சகஜம். பயாஸில் ப்ராசஸர் ஓய்வு நிலைக்கு இறங்காது, அதனால் விண்டோஸைவிடக் கூடுதலாகவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் 80ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். கூலர் ஒட்டவில்லை.

பிறகு விண்டோஸில் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசஸரை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எச்சரிக்கை எல்லை ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறும்: இன்டெல்லில் பெரும்பாலும் 100, ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலும் 90, ரைசன் 7000இல் பெரும்பாலும் 95. ரைசன் 7000இன் உயர்ரக ப்ராசஸர்கள் பல முழு வேலையில் 95ஐத் தொட்டு நிற்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்துப் பதறி மறுபடி பேஸ்ட் மாற்ற வேண்டாம்.

எண்ணைவிட, சூடு ஏறும் விதம் அதிகம் சொல்லும். சோதனை ஆரம்பித்த இரண்டு மூன்று விநாடியில் எல்லையைத் தொட்டால் தொடர்பே இல்லை: படலம் உரிக்கவில்லை, கூலர் சாய்ந்திருக்கிறது, பிராக்கெட் தவறு. மெதுவாக ஏறி எட்டு, பத்து நிமிடத்தில் எல்லையைத் தொட்டால் பேஸ்ட் சரி, காற்றோட்டம் போதாது. பக்க மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள், ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேஸ் ஃபேன் சேர்க்க வேண்டும். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி மிஞ்சினால் பேஸ்ட் எல்லா இடமும் எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம்.

லேப்டாப் வேறு கதை

லேப்டாப்பில் மேல் தகடு கிடையாது. சிலிக்கான் சில்லு நேராகக் கூலரைத் தொடும். எனவே ஓரம் விடாமல் சில்லு முழுவதும் மூடும்படி பரப்பியே பூச வேண்டும். பொட்டு வைத்து நம்பக் கூடாது. சில்லின் மூலைகள் எளிதில் உடையும் என்பதால் ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் 1, 2, 3, 4 வரிசையை மீறாதீர்கள். கழற்றும்போது அதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி கேபிளைப் பிரிக்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள மெமரிச் சில்லுகளின்மேல் ரப்பர் போன்ற பட்டைகள் இருக்கும். அவை கிழிந்தால் அதே கனத்தில் (0.5, 1, 1.5 மி.மீ.) புதிது போடுங்கள். அந்த இடத்தில் பேஸ்ட் பூசினால் இடைவெளியை நிரப்பாது. கனம் கூடிய பட்டை போட்டால் ஹீட்சிங்க் தூக்கி நின்று ப்ராசஸரைத் தொடாது.

லேப்டாப்புக்கு ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாள் வகை இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. அறைச் சூட்டில் திடமாக இருந்து, சுமார் 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்புவது. பிதுங்கும் தொல்லை இதில் மிகக் குறைவு, எனவே அடிக்கடி கரண்ட் போகும் இடத்துக்கு நல்ல பொருத்தம். ஒரு சிக்கல்: நம் வெயிலில் தாள் குழைந்து, பாதுகாப்புப் படலத்தோடு சேர்ந்து உரிந்து வரும். உறையோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, உறையின் மேல் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். இதற்கும் போலிகள் உண்டு.

பேஸ்டைவிடப் பலன் தரும் ஒரு மாற்றம்

விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலை என்று ஒரு எண் இருக்கும், வழக்கமாக 100. அதை 99 ஆக்கினால் பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் டர்போ வேகம் (தேவைப்படும்போது தானாக ஏறும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். கணக்கு எழுதுவது, பில் போடுவது, படம் பார்ப்பது எதிலும் வித்தியாசம் உணர மாட்டீர்கள். முழு வேலையின்போது சூடு இறங்குவதோ பத்து டிகிரிக்கு மேல்கூட இருக்கும். ரைசனில் பயாஸின் ஈக்கோ மோட் இதே வேலையைச் செய்யும். இன்வெர்ட்டரில் ஓடும் நேரமும் கூடும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம்.

மறுபடி எப்போது

மேசைக் கம்ப்யூட்டருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. சூடான லேப்டாப்புக்கு இரண்டு ஆண்டு என்பது பொதுக் கணக்கு. அதைவிட நல்ல வழி, பேஸ்ட் போட்ட அன்றே ப்ராசஸர் முழு வேலைச் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து, அந்த எண்ணைக் கேஸின் உட்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டுவது. தூசி எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் எட்டு, பத்து டிகிரி கூடியிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். தேவையில்லாமல் திறப்பதும் ஆபத்துதான்.

மாற்றுவதாக இருந்தால் பிப்ரவரியிலேயே செய்துவிடுங்கள். திஞ்சான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) நெருங்கும்போது வெயில் உச்சிக்கு வரும், கடைகளும் நாள் கணக்கில் மூடிவிடும். அந்த நேரத்தில் பேஸ்ட்டோ ஃபேனோ தேடி அலைய வேண்டாம். தூசி எடுப்பது மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தெருவோரக் கடை என்றால் மாதா மாதம்.

மிஞ்சிய பேஸ்ட்டின் முனையைத் துடைத்து மூடியை இறுக்கி, ஜிப் பையில் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியின் மேலோ காரிலோ வைக்காதீர்கள். அடுத்த தடவை எடுக்கும்போது முதல் துளியைக் காகிதத்தில் பிதுக்கிவிட்டு இரண்டாவதிலிருந்து பயன்படுத்துங்கள். கட்டி கட்டியாக வந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள்.